நள்ளிரவில் ஒரு தொலைபேசி அழைப்பு



சென்ற தீபாவளிக்கு மறுநாள் ரெம்பியாவில் எங்கள் வீட்டுக்கு என் பழைய மாணவி ஒருத்தி வந்திருந்தாள். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த பெண். அம்மா பால்மரம் வெட்டியும் அப்பா செம்பனைக் குலை அறுத்தும் அவளைப் படிக்க வைத்தார்கள். இன்று அவள் ஒரு மருத்துவமனையில் தாதி. "வேலை எப்படியம்மா இருக்கிறது?" என்று கேட்டேன். "நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது கஷ்டமில்லை டீச்சர். இராத்திரியில் டாக்டரை எழுப்புவதுதான் கஷ்டம்" என்றாள்.

நம் தோட்டப்புறத்துப் பெண்பிள்ளைகள் பலர் தாதியர் பயிற்சிக்குப் போகிறார்கள். நாமும் நோய் என்று வந்தால் அவர்கள் கையில்தான் இருக்கிறோம். ஆகவே அவள் சொன்ன செய்தி நம் எல்லாருக்கும் உரியது. அதைத்தான் இன்று விளக்க விரும்புகிறேன்.

மருத்துவமனையில் தாதியர் வேளை மாற்றி வேலை செய்கிறார்கள். இரவு முழுவதும் வார்டில் விழித்திருப்பவர் தாதி. டாக்டரோ பல வார்டுகளுக்குச் சேர்த்து ஒருவராக இருப்பார். அவசரம் என்றால் கூப்பிட வேண்டும், அவர் வருவார். இதைத்தான் 'ஆன் கால்' என்கிறார்கள். ஆக, நோயாளியின் நிலை மாறுவதை முதலில் காண்பவர் தாதி. மருந்தையும் சிகிச்சையையும் முடிவு செய்பவர் டாக்டர். இவ்விருவருக்கும் இடையே இருப்பது ஒரு தொலைபேசி. அந்தப் பேச்சு சரியாக நடந்தால் உயிர் பிழைக்கும். தவறினால் போய்விடவும் கூடும்.

நம் மூத்தவர்களுக்கு இது புதிய கதையன்று. தோட்ட மருத்துவமனைகள் இருந்த காலத்தில் அன்றாடம் நம்மைப் பார்த்தவர் 'டிரசர்'. டாக்டர் குறித்த நாளில் பட்டணத்திலிருந்து காரில் வந்து பார்த்துவிட்டுப் போவார். தோட்ட மருத்துவ உதவியாளர்களான இந்த டிரசர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஒரு சட்டம் வந்தது. நள்ளிரவில் ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்தால், டாக்டரை எழுப்புவதா, விடியும்வரை பொறுப்பதா என்று தனியாக நின்று தவித்தவர் அவர்தான்.

இனி என் மாணவியின் கதைக்கு வருகிறேன். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு. மாலையில் பிள்ளை பெற்ற ஒரு தாய்க்கு இரவு ஒன்றரை மணிக்கு இரத்தப்போக்கு அதிகமானது. இவள் டாக்டரைக் கூப்பிட்டு, "டாக்டர், பன்னிரண்டாம் கட்டில் அம்மாவுக்கு உடம்பு அவ்வளவு சரியில்லை" என்றாள். "சரியில்லை என்றால் என்ன அர்த்தம்? இதற்கெல்லாமா எழுப்புவது?" என்று கடிந்துகொண்டு அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட இவளுக்குத் துணிவு வரவில்லை. இருபது நிமிடம் அந்தத் தாயின் நாடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

இருபது நிமிடம்தானே என்று எண்ணிவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் கருப்பை இறுகிச் சுருங்கினால்தான் இரத்தம் நிற்கும். அது இறுகாவிட்டால் ஓரிரு மணி நேரத்திலேயே உயிர் போய்விடக் கூடும். அப்படி இரத்தம் போகும்போது முதலில் நாடித் துடிப்பு வேகமாகும். இரத்த அழுத்தம் பிறகுதான் இறங்கும். அழுத்தமும் இறங்கிவிட்டதென்றால் நிறைய இரத்தம் போய்விட்டது என்று பொருள்.

அந்த நேரத்தில் சுற்றிப் பார்க்க வந்த மூத்த சிஸ்டர் நிலைமையைக் கண்டார். இவளை ஏசவில்லை. "ஒரு தாளை எடு. நான்கு வரி எழுது. அதைப் பார்த்துப் படி" என்றார். இவள் மீண்டும் கூப்பிட்டு இப்படிச் சொன்னாள்:

"டாக்டர், பன்னிரண்டாம் கட்டில் தாய்க்கு இரத்தப்போக்கு அதிகமாக இருக்கிறது; நாடி 124, இரத்த அழுத்தம் 90-க்கு 50. மாலை ஆறு மணிக்குப் பிரசவம், இது நான்காவது குழந்தை. கருப்பை இறுகவில்லை, அதனால்தான் இரத்தம் நிற்கவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும். நீங்கள் வருவதற்குள் நான் என்ன செய்யட்டும்?"

டாக்டர் ஏசவில்லை. கொடுக்க வேண்டிய மருந்தைச் சொன்னார். பத்து நிமிடத்தில் வந்து நின்றார். அந்தத் தாய் பிள்ளையோடு நலமாக வீடு திரும்பினார்.

இரண்டு அழைப்புகளுக்கும் என்ன வேற்றுமை? முதலாவதில் பயம் மட்டும் இருந்தது. இரண்டாவதில் நான்கு செய்திகள் வரிசையாக இருந்தன: இப்போது என்ன நடக்கிறது, இதற்கு முன் என்ன நடந்தது, நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும். இந்த முறையை 'எஸ்பார்' என்பார்கள். முதலில் அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்த பழக்கம் இது. 2000-த்தின் தொடக்க ஆண்டுகளில் கொலராடோவில் கைசர் பெர்மனென்டே என்னும் மருத்துவ அமைப்பினர் இதை மருத்துவமனைக்கு ஏற்றபடி அமைத்தார்கள். 2007-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைத்தது.

இதனோடு இன்னும் மூன்று பழக்கங்கள் வேண்டும். டாக்டர் தொலைபேசியில் மருந்து சொன்னால், அதன் பெயரையும் அளவையும் எழுதிக்கொண்டு அவரிடமே திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். கூப்பிட்ட நேரத்தையும் கிடைத்த பதிலையும் குறித்து வைக்க வேண்டும். ஒருமுறை சொல்லி அவர் செவி கொடுக்காவிட்டால் இரண்டாம் முறையும் சொல்ல வேண்டும். அப்போதும் பயனில்லையென்றால் சிஸ்டரிடம் சொல்லி, அடுத்த மேல்நிலை டாக்டரைக் கூப்பிட வேண்டும். இது கோள் சொல்வதாகாது. நோயாளிக்காகச் செய்யும் கடமை.

டாக்டர் ஏன் அப்படி எரிந்து விழுகிறார் என்றும் பார்க்க வேண்டும். சிலருக்கு அது குணம். அதற்குச் சமாதானம் கிடையாது. தாதியை இழிவாகப் பேசும் உரிமை எந்த டாக்டருக்கும் இல்லை. ஆனால் பலருக்கு அது களைப்பு. காலையில் வேலைக்கு வந்தவர் இரவு முழுவதும் ஆன் காலில் இருந்து, மறுநாளும் வேலையைத் தொடர்வது உண்டு. என் மாணவி சொன்ன டாக்டரும் முந்திய நாள் காலையிலிருந்து உறங்காதவர்தான்.

1984-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நியூயார்க் நகரத்து மருத்துவமனை ஒன்றில் லிபி சயன் என்னும் 18 வயதுப் பெண் காய்ச்சலோடு சேர்க்கப்பட்டாள். இரவில் அவள் நிலைகொள்ளாமல் புரண்டபோது தாதியர் பயிற்சி மருத்துவரைக் கூப்பிட்டார்கள். அவர் பல நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்ததால் நேரில் வரவில்லை. அவளைக் கட்டிலோடு கட்டி வைக்கவும் ஒரு மருந்து கொடுக்கவும் தொலைபேசியிலேயே சொன்னார். காலையில் அவள் இறந்தாள். அவளுடைய தந்தை விடாமல் போராடினார். அதன் விளைவாக 1989-ஆம் ஆண்டில், பயிற்சி மருத்துவர்கள் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாதென்று நியூயார்க் மாநிலத்தில் விதி வந்தது. நம் நாட்டிலும் 2011-ஆம் ஆண்டில் பயிற்சி மருத்துவர்களுக்கு வேளை மாற்றும் முறை கொண்டுவரப்பட்டது.

வீட்டில் இருக்கும் நாம் என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்கலாம். அந்த நான்கு வரிப் பாடம் நமக்கும் உதவும். தாதியிடம் "மிஸ்ஸி, ஒரு மாதிரியாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை மணியிலிருந்து, எந்த இடத்தில், என்ன மருந்து சாப்பிட்டோம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று சொல்லுங்கள். கர்ப்பிணிகள் கிளினிக்கில் தரும் புத்தகத்தை எப்போதும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதில் ஒட்டியிருக்கும் நிறமும் ஒரு மொழிதான். வெள்ளை என்றால் அபாயம் குறைவு; சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. ஒரு சொல் பேசாமலே தாதிக்கும் டாக்டருக்கும் அது செய்தி சொல்லிவிடும்.

நோயாளியின் நிலை மோசமாவதைக் கண்டால் கூச்சல் போடாதீர்கள், பேசாமலும் இருந்துவிடாதீர்கள். "டாக்டரிடம் சொல்லிவிட்டீர்களா? என்ன சொன்னார்?" என்று தாதியிடம் பணிவாகக் கேளுங்கள். பயந்து நிற்கும் ஓர் இளம் தாதிக்கு, மறுபடி தொலைபேசியை எடுக்க அந்தக் கேள்வியே துணையாக இருக்கும்.

கடைசியாக, தாதிப் பயிற்சிக்குப் பெண்ணை அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பெரியவர்கள் முன்னே வாய் திறக்காதே என்று சொல்லித்தான் நம் பிள்ளைகளை வளர்க்கிறோம். துரைக்கும் கிராணிக்கும் அஞ்சி வாழ்ந்த காலத்து வழக்கம் அது. மரியாதையைக் கற்றுக்கொடுங்கள். அதோடு, கண்ணால் கண்டதை அஞ்சாமல், தெளிவாக, வரிசையாகச் சொல்லவும் கற்றுக்கொடுங்கள். அன்று இரவு பன்னிரண்டாம் கட்டிலில் படுத்திருந்தவர் யாரோ ஒரு தாய். நாளை அங்கே படுத்திருப்பவர் நம் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம்.