கண்ணாடி மேல் பூசிய கரண்ட்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி, "யு.பி.எஸ். மட்டும் போதுமா, சோலார் பேனலும் போடலாமா?" என்பதுதான். சாத்தான்குளத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் என்னிடம் வாரத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார். "போடுங்கள். ஆனால் என்ன பேனல் என்று பார்த்துப் போடுங்கள்" என்று சொல்வேன். நான் பார்க்காமல் போட்டவன்.

2012ஆம் ஆண்டு. சென்னையைத் தாண்டினால் எங்கும் பல மணி நேர மின்வெட்டு. பேட்டரி சார்ஜ் ஆவதற்குள் மறுபடி கரண்ட் போய்விடும். அப்போது மொட்டை மாடியில் நான்கு 'தின் ஃபிலிம்' பேனல்கள் மாட்டினேன். லேபிளில் ஒவ்வொன்றும் 80 வாட்ஸ். விற்றவர் மீட்டரை வைத்து, "அண்ணாச்சி, லேபிளைப் பாக்காதீங்க, இதைப் பாருங்க" என்றார். 95 வாட்ஸ் காட்டியது! அந்தக் கணக்கை நம்பி இன்னொரு கம்ப்யூட்டரையும் சேர்த்துவிட்டேன். நான்கைந்து மாதத்தில் பேட்டரி நிறைவதே நின்றது. ஒரு பையன் அரசு வேலைக்குக் கடைசி நாளில் விண்ணப்பம் அனுப்ப உட்கார்ந்திருந்தான். பாதி பூர்த்தி செய்யும்போது யு.பி.எஸ். கீச்சிட்டு அணைந்தது. கரண்ட் வந்தபோது நேரம் முடிந்திருந்தது. அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அவை 'அமார்ஃபஸ் சிலிக்கான்' பேனல்கள். கால்குலேட்டர் தலையில் கறுப்பாக ஒரு பட்டை இருக்குமே, அதே சரக்கு. வெயில் பட்ட முதல் சில மாதங்களில் இதன் திறன் கணிசமாகக் குறைந்து, பிறகு நிலைபெறும். இதை 1977ல் ஸ்டேப்ளர், ரான்ஸ்கி என்ற இரு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். ஆக லேபிள் பொய் சொல்லவில்லை. குறைந்த பிறகு வரும் அளவைத்தான் அது சொல்லியிருக்கிறது. மீட்டரை நம்பியது என் தப்பு.

அன்று முதல் தின் ஃபிலிம் என்றாலே எனக்கு ஆகாது. அந்த எண்ணத்தை மாற்றியது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் வந்த ஒரு தொழிற்சாலை. பெயர் 'ஃபர்ஸ்ட் சோலார்'. அமெரிக்கக் கம்பெனி.

இதன் ஆரம்பம் ஒரு கண்ணாடிக்காரரிடம் இருக்கிறது. ஒஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரைச் சேர்ந்த ஹரால்ட் மெக்மாஸ்டர், கண்ணாடியைப் பதப்படுத்தும் இயந்திரங்களில் பெயர் பெற்றவர். 1984ல் சோலாரில் இறங்கினார். எதை வைத்து? நான் ஏமாந்த அதே அமார்ஃபஸ் சிலிக்கானை வைத்து! அது சரிப்படாமல் 1990ல் வேறு கம்பெனி தொடங்கி 'கேட்மியம் டெலூரைடு' என்ற பொருளுக்கு மாறினார். 1999ல் அது கை மாறி ஃபர்ஸ்ட் சோலார் ஆனது.

செய்முறை கேட்க எளிது. கேட்மியம் டெலூரைடு தூளைச் சூடாக்கி ஆவியாக்கி, சூடான கண்ணாடி மேல் படியவிடுகிறார்கள். கனம் சில மைக்ரான்தான். தலைமுடியே சுமார் 70 மைக்ரான் வரும். பிறகு லேசர் கதிரால் கோடு கீறி செல்களாகப் பிரிக்கிறார்கள். மேலே இன்னொரு கண்ணாடி. ஒரு பக்கம் வெறும் கண்ணாடி நுழைந்தால் சுமார் நான்கு மணி நேரத்தில் மறுபக்கம் பேனலாக வெளிவருகிறது. நம் பிராசசருக்கும் சாதாரண சோலார் பேனலுக்கும் மூலப்பொருள் சிலிக்கான். 2008ல் அதற்குத் தட்டுப்பாடு வந்து கிலோ 400 டாலரைத் தாண்டியபோது, சிலிக்கானே தேவைப்படாத இந்தக் கம்பெனிக்கு யோகம் அடித்தது. அந்த ஆண்டின் இறுதியில் ஒரு வாட் தயாரிக்கும் செலவை ஒரு டாலருக்குக் கீழே கொண்டுவந்தது. ஷேர் விலை 300 டாலரைத் தாண்டியது.

அப்புறம் சறுக்கல். சிலிக்கான் விலை சரிந்தது, சீனப் பேனல்கள் மலிவாகக் குவிந்தன. 2012ல் ஷேர் 20 டாலருக்கும் கீழே. ஜெர்மனித் தொழிற்சாலையை மூடினார்கள். தின் ஃபிலிம் கம்பெனிகள் பல அந்த அலையில் காணாமல் போயின. இது தாக்குப்பிடித்ததற்கு, பெரிய மின் நிலையங்களுக்கே விற்றதும் ஆராய்ச்சியை விடாததும் காரணங்கள் என்று நினைக்கிறேன்.

பிள்ளைப்பாக்கம் ஆலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. முதலீடு சுமார் 70 கோடி டாலர். ஆண்டுக்கு 3.3 ஜிகாவாட், அதாவது ஏறக்குறைய 60 லட்சம் பேனல்கள் செய்யும் திறன். எனக்குப் பிடித்த விஷயம் தண்ணீர். சென்னையின் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆர்.ஓ. செய்த தண்ணீரில்தான் ஆலை ஓடும்படி அமைத்திருக்கிறார்கள். குடத்தோடு காத்திருக்கும் நம் பக்கத்துக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சரி, இதை நம் வீட்டில் மாட்டலாமா? கடையில் தேடாதீர்கள். பெரும்பாலும் பெரிய சோலார் பண்ணைகளுக்கே போகிறது. வெயிலில் சூடேறும்போது சிலிக்கானை விட இது கொஞ்சம் குறைவாகவே திறனை இழக்கும். நம் ஊர் வெயிலுக்கு நல்ல குணம். ஆனால் அதே வாட்ஸுக்குச் சற்றுக் கூடுதல் இடம் கேட்கும். கேட்மியம் விஷம்தானே என்று பயப்படுபவர்களுக்கு: டெலூரியத்துடன் சேர்ந்த கூட்டுப்பொருளாக, இரு கண்ணாடிகளுக்கு நடுவே அடைபட்டிருக்கிறது. உடைந்தால் குப்பையில் போடாமல் மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும்.

வீட்டுக்கு சிலிக்கான் பேனலே போதும். திருநெல்வேலி அருகே கங்கைகொண்டானில் டாடா பவர் ஆலையிலேயே தயாராகிறது. கணக்கு இதுதான்: டெஸ்க்டாப்பும் எல்.சி.டி. மானிட்டரும் சேர்ந்து 150 வாட்ஸ் என்றால், நான்கு மணி நேரத்துக்கு 0.6 யூனிட். 100 வாட்ஸ் பேனல் நல்ல வெயில் நாளில் சுமார் 0.4 யூனிட் தரும். பேட்டரியிலும் இன்வெர்ட்டரிலும் வீணாவதையும் சேர்த்தால் 200 வாட்ஸாவது வேண்டும். மழை நாளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. வாங்கும்போது பேனலின் பின்பக்க லேபிளில் வகை, வாட்ஸ் இரண்டையும் படியுங்கள். வாரன்டி அட்டையில் எத்தனை ஆண்டில் எவ்வளவு திறன் மிஞ்சும் என்று எழுதியிருக்கும். அதையும் கேட்டு வாங்குங்கள்.

என் பழைய நான்கு பேனல்களில் இரண்டு இன்னும் மாடியில் இருக்கின்றன. பிராட்பேண்ட் மோடத்துக்கும் ஒரு எல்.இ.டி. பல்புக்கும் சரியாக இருக்கிறது.