300 சாரனும் ஒரு மாதிரித் துணியும்

சில வருடங்களுக்கு முன்பு நோன்புப் பெருநாள் வியாபாரத்தை எண்ணி மருதமுனையில் 300 சாரன்களுக்கு ஓடர் கொடுத்தேன். வழமையான நீலம், மெரூன் கோடுகளை விட்டுவிட்டுப் புதிதாக ஏதாவது கொண்டுவர வேண்டும் என்ற ஆசை. நூல் கடையில் சிவப்புச் சிட்டம் ஒன்றையும் பச்சைச் சிட்டம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அழகாக இருந்தது. பாவு சிவப்பு, ஊடை பச்சை என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்துவிட்டு கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டேன்.

நெய்து வந்த துணியில் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டு நிறமும் தெரியும். நான்கு அடி தள்ளி நின்று பார்த்தால் சேற்றுத் தண்ணீரில் முக்கி எடுத்தது போல ஒரு மண்ணிறம். இரண்டு பெருநாள் கழிந்தும் பாதி விற்கவில்லை. மிகுதியைப் பாதி விலைக்குத் தள்ளினேன்.

நெய்தவர் என்னைவிட மூத்தவர், காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் குறைப்பட்டபோது, "நீங்க எழுதித் தந்ததத்தானே தம்பி நெய்தேன். ஒரு சொல் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். அவர் சொன்னது சரி. பிழை என்னுடையது. அந்த நஷ்டத்திற்குப் பிறகுதான் தறியருகே உட்கார்ந்து இந்தத் தொழிலைக் கொஞ்சமாவது படித்தேன். புடவை வியாபாரத்தில் உள்ள வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் படித்ததை எழுதுகிறேன்.

துணியில் நிறம் என்பது பெயின்ட் கலப்பது போன்றதல்ல. பாவு இழையும் ஊடை இழையும் ஒன்றை ஒன்று மூடித் திறந்து சிறுசிறு புள்ளிகளாக நிற்கின்றன. கிட்ட நின்றால் கண் அவற்றைப் பிரித்துப் பார்க்கும். தூரத்தில் நின்றால் சேர்த்துவிடும். சிவப்பும் பச்சையும் போல எதிரெதிரான நிறங்கள் சமமாகச் சேர்ந்தால் இரண்டும் செத்து மங்கலாகிவிடும். நீலமும் பச்சையும் போல அயல் நிறங்கள் சேர்ந்தால் துணிக்கு ஒரு மினுக்கம் வரும். எதிர் நிறங்கள்தான் வேண்டுமென்றால் அவற்றை இழைக்கு இழை கலக்காமல் அகலமான கோடுகளாகத் தனித்தனியே நிறுத்த வேண்டும்.

இதையெல்லாம் மனதால் கணக்குப் போட எல்லோராலும் முடியாது. அதற்குத் தறிக்காரர்களிடம் ஒரு வழி இருக்கிறது. 48 அங்குல அகலப் பாவை ஆறு நிறங்களில் எட்டு எட்டு அங்குலமாக ஓட்டுவது. பின்னர் அதே ஆறு நிறங்களையும் ஊடையாக நான்கு நான்கு அங்குலம் நெய்வது. 24 அங்குலத் துணியில் 36 கட்டங்கள் கிடைக்கும். மூலைக்கு மூலை போகும் ஆறு கட்டங்களில் தனி நிறங்கள் நிற்கும். மற்றவற்றில் ஒவ்வொரு நிறமும் மற்ற ஒவ்வொன்றோடும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பது கண்ணுக்கு முன்னால் தெரியும். அந்தத் துணியைச் சுவரில் தொங்கவிட்டு, பத்து அடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். நான் இன்னொன்றும் செய்கிறேன். கைத்தொலைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்ப்பேன். இரண்டு நிறமும் படத்தில் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்தக் கோடு துணியில் எடுபடாது.

அன்று இப்படி ஒரு முழத் துணி நெய்து பார்த்திருந்தால் 300 சாரன் மண்ணாகியிருக்காது.

ஆனால் ஒரு முழத்துக்காகத் தறியில் பாவு ஏற்றுவது சின்ன வேலை அல்ல என்பதையும் வியாபாரிகள் விளங்கிக்கொள்ள வேண்டும். 48 அங்குலத்தில் அங்குலத்துக்கு 60 இழை என்றால் மொத்தம் 2880 இழை. ஒவ்வொன்றையும் விழுதில் கோர்த்து, அச்சில் இழுக்க வேண்டும். பழைய பாவின் நுனியில் புதிய பாவை முடிந்து இழுத்தால் கோர்க்கும் வேலை மிச்சம். என்றாலும் 2880 முடிச்சு போட்டே ஆக வேண்டும்.

ஆகவே மலிவான பரிசோதனை பாவில் இல்லை, ஊடையில்தான் இருக்கிறது. ஒரே பாவை வைத்துக்கொண்டு ஊடையை மட்டும் மாற்றினால் நாடாவுக்குள் இருக்கும் நூலை மாற்றுவதுதான் வேலை. 40 யார் பாவில் சுமார் 18 சாரன் வரும். மூன்றுக்கு ஒரு தடவை ஊடை நிறத்தை மாற்றினால் ஆறு விதமான சாரன் கைக்கு வரும். கடையில் வைத்துப் பார்த்து, எது முதலில் போகிறதோ அதற்கு மட்டும் பெரிய ஓடர் கொடுக்கலாம். சாம்பல், கடல் நீலம், இளம் மண்ணிறம் போன்ற அடக்கமான பாவு எந்த ஊடையையும் தாங்கும். மஞ்சள் பாவு அப்படித் தாங்காது, எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துவிடும்.

அடுத்தது நூல். 2/80, 2/40 என்று பில்லில் எழுதியிருப்பதைப் பல வருடங்கள் விளங்காமலே காசு கொடுத்து வந்தேன். ஒரு இறாத்தல் நூலில் 840 யார் நீளச் சிட்டம் எத்தனை இருக்கிறதோ அதுதான் பருத்தி நூலின் நம்பர். நம்பர் கூடக் கூட நூல் மெல்லியது. 2/80 என்றால் 80 ஆம் நம்பர் நூல் இரண்டை ஒன்றாக முறுக்கியது. தடிப்பில் அது 40 ஆம் நம்பருக்குச் சமன், இறாத்தலுக்கு 33,600 யார். 2/40 என்றால் அதில் பாதி, 16,800 யார்தான். ஆகவே இறாத்தல் விலையை மட்டும் பார்த்து மலிவு என்று வாங்குபவர் நீளத்தில் தோற்றுப்போவார்.

நூலைக் கலந்து நெய்வதிலும் நல்ல வாய்ப்பு இருக்கிறது. மெல்லிய பாவில் இடைக்கிடை ஒரு தடித்த ஊடை போட்டால் எந்த இயந்திரமும் இல்லாமல் துணியில் ஒரு மேடு விழும். பருத்திப் பாவில் விஸ்கோஸ் ஊடை பளபளப்பைத் தரும். ஆனால் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளாக இரண்டு வகை நூலைப் போட்டால் கவனம். தண்ணீர் பட்டதும் ஒன்று கூடவும் மற்றது குறையவும் சுருங்கி துணி அலை அலையாக நிற்கும். மாதிரியைக் கழுவிக் காயவைத்து, முன்னும் பின்னும் அளந்து பார்க்காமல் ஓடர் கொடுக்கக் கூடாது.

டிசைன் என்றவுடன் டொபி, ஜக்காட் என்று பெரிய செலவுகளை நினைத்து நம்மவர்கள் பயப்படுகிறார்கள். இரண்டு மிதி உள்ள சாதாரணத் தறியிலேயே ஒரு வித்தை இருக்கிறது. பாவில் ஓர் இழை கறுப்பு, ஓர் இழை வெள்ளை என்று மாற்றி மாற்றி ஓட்டி, ஊடையையும் அப்படியே மாற்றி மாற்றிப் போட்டால் துணியில் குறுக்குக் கோடுகள் வரும். ஓர் இடத்தில் கறுப்பை இரண்டு தரம் அடுத்தடுத்துப் போட்டால் அதிலிருந்து கோடுகள் நெடுக்காகத் திரும்பிவிடும். இதை வைத்தே பாய் பின்னியது போன்ற கட்டங்களைக் கொண்டுவரலாம். ஒரு சிக்கல், ஒரு பக்கத்தில் மட்டும் நாடாப் பெட்டி இருக்கும் தறியில் நிறத்தை இரண்டு ஓட்டத்துக்கு ஒரு தடவைதான் மாற்ற முடியும். அதனால் இந்த டிசைனுக்கு நாடாவைக் கையால் போட வேண்டியிருக்கும். நேரம் எடுக்கும், கூலியும் கூடும். அதை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

வெறும் கோட்டையும் கட்டத்தையும் வைத்து என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்கள், 2022 இல் காலமான பார்பரா சன்சோனி அம்மையார் 1960 களில் ஆரம்பித்த பெயார்ஃபுட் நிறுவனத்தின் துணிகளைப் போய்ப் பார்க்கலாம். அவர் ஓர் ஓவியர். சாதாரண நெசவில் நிறத்தை மட்டும் நம்பி வெளிநாட்டவர் தேடி வரும் சரக்கை உருவாக்கினார்.

சாயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு ஓடருக்கான நூல் முழுவதையும் ஒரே தடவையில் சாயமிட வேண்டும். இரண்டு தடவையாகச் செய்தால் துணியில் பட்டை விழும். ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், கறை ஏறினால் அந்தச் சரக்கைத் தொடாதீர்கள். ஏற்றுமதி எண்ணம் உள்ளவர்கள் இன்னொன்றும் அறிந்திருக்க வேண்டும். தீங்கான அமின்களை வெளியிடும் சில அசோ சாயங்களை ஜேர்மனி 1994 இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2002 இலும் தடை செய்தன. சாயம் விற்பவரிடம் எழுத்தில் உறுதி வாங்காமல் அனுப்பினால் சரக்கு திரும்பி வரும்.

இனி, கசப்பான விஷயம். புது மாதிரி நெய்யும் நாளுக்கு யார் கூலி கொடுப்பது? எமது கடைகளில் உள்ள பழக்கம், "மாதிரி காட்டுங்க, பிடிச்சா ஓடர் தாறேன்" என்பது. நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது அடிபட்ட தொழில் இது. 2004 சுனாமியில் மருதமுனையில் உயிர்களோடு தறிகளும் போயின. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டியபோது இந்தியாவிலிருந்து வரும் நூலும் எட்டாத உயரத்துக்குப் போனது. இவ்வளவுக்கும் பிறகு தறியில் இருப்பவர் ஒரு நாள் கூலியை இழந்து எமக்காகப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அப்படி அவர் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த டிசைனை வாங்கிக்கொண்டு போய் மின்தறியில் கொடுத்து மலிவாக நெய்து எடுக்கும் வியாபாரிகளும் எம்மத்தியில் இருக்கிறார்கள். பிறகு நல்ல மாதிரியை யார் எமக்குக் காட்டுவார்கள்? பழைய நீலமும் மெரூனும்தான் வரும்.

காக்காவோடு நான் இப்போது வேறு விதமாகப் பேசியிருக்கிறேன். மாதிரி நெய்யும் நாட்களுக்கு ஓடர் வந்தாலும் வராவிட்டாலும் முழுக் கூலி. அவர் கண்டுபிடித்த டிசைனை இன்னொரு தறியில் கொடுப்பதென்றால் அவரிடம் கேட்டுத்தான் கொடுப்பேன். கணக்குப் பார்த்தால் அந்த 300 சாரனில் போன நஷ்டத்தில் பல மாதிரிகளுக்குக் கூலி கொடுத்திருக்கலாம்.

அடுத்து ஏறப்போவது சாம்பல் பாவு, 40 யார். ஊடைக்கு மூன்று நிறம் நான் சொன்னேன், மூன்று அவர் சொன்னார். என்னுடைய ஒரு நிறத்தைப் பார்த்துச் சிரித்தார், காரணம் சொல்லவில்லை. எது முதலில் விற்றது என்பதைப் பெருநாள் கழித்து எழுதுகிறேன்.