ஓசியில் வந்த அதிகாரிகள்

ஓசின்னா நம்ம எல்லாருக்கும் இஷ்டம்தான். ஐ.நா. சபைக்கே ஒரு காலத்துல அதிகாரிகள் ஓசியில வந்தாங்க, தெரியுமா?

1990-களின் தொடக்கத்தில் அமைதிப்படை வேலை திடீர்னு பெருகியது. நியூயார்க் தலைமையகத்தில் திட்டமிட ஆள் போதவில்லை, புதுசா எடுக்கப் பணமும் இல்லை. அதனால் சில நாடுகள் தங்கள் ராணுவ அதிகாரிகளைக் கடனாக அனுப்பின. சம்பளம் அனுப்பிய அரசே தரும். யுகோஸ்லாவியா போர்க்குற்ற நீதிமன்றத்துக்கும் இப்படி ஆட்கள் வந்தார்கள்.

லாபம்தானேன்னு தோணும். ஆனா நியூயார்க்கில் ஒருத்தரை வைத்துச் சம்பளம், வாடகை எல்லாம் கொடுப்பது பணக்கார நாடுகளுக்குத்தான் சுலபம். களத்தில் நின்ற வீரர்களில் நிறையப் பேர் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்துக்காரர்கள். திட்டம் போடும் மேசையிலோ பெரும்பாலும் மேற்கு நாட்டவர்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஐ.நா. சாசனத்தின் 100-வது பிரிவுப்படி ஊழியர்கள் எந்த அரசின் உத்தரவையும் கேட்கக் கூடாது. மாசாமாசம் சம்பளம் போடுற அரசை எப்படி மறுத்துப் பேசுறது?

வளரும் நாடுகள் எதிர்த்தன. 1997 செப்டம்பரில் பொதுச்சபை 51/243 என்ற தீர்மானத்தைப் போட்டது: அபூர்வமான நிபுணத்துவம், தற்காலிக அவசரம் தவிர வேறு எதற்கும் இலவச ஆட்கள் கூடாது. 1999 தொடக்கத்துக்குள் பெரும்பாலானோர் கிளம்பிவிட்டார்கள்.

ஆனா ஐ.நா. செயலகத்தில் இன்டர்ன்ஷிப்புக்கு இன்றும் சம்பளம் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது. அடையாறிலிருந்து போய் சொந்தக் காசில் நியூயார்க்கில் சில மாதம் தங்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? அதே பழைய கேள்விதான், இப்போ நம்ம வயசுக்காரங்க முன்னாடி நிக்குது.