கொல்கத்தாவில் பிறந்து மும்பைக்கு வந்த ஓவியக் கூடம்: புது ஓவியர்களுக்குத் தோள் கொடுக்கும் தம்பதி

கேட்வே ஆப் இந்தியாவைப் பார்க்காத மும்பைத் தமிழர் இருக்க முடியாது. ஊரில் இருந்து உறவினர் வந்தால் நாம் முதலில் அழைத்துப் போகும் இடம் அதுதான். அதன் எதிரே தாஜ்மகால் ஓட்டல். ஓட்டலுக்குப் பின்புறம் மெரிவெதர் ரோடு என்று ஒரு தெரு. அந்தத் தெருவில் சன்னி ஹவுஸ் என்ற கட்டிடத்தில் ஓர் ஓவியக் கூடம் இருக்கிறது. அதன் பெயர் "எக்ஸ்பெரிமெண்டர்". சோதனை செய்து பார்ப்பவர் என்று பொருள்.

உள்ளே போகக் கட்டணம் கிடையாது. ஆனாலும் நம்மவர்கள் போவது இல்லை. கண்ணாடிக் கதவையும், உள்ளே இருக்கும் அமைதியையும் பார்த்ததுமே, "இது நமக்கு உள்ள இடம் அல்ல" என்று நடையைக் கட்டி விடுகிறோம்.

உண்மையில் அங்கே தொங்கும் படங்கள் யாருடைய கதையைச் சொல்கின்றன? அதைத் தெரிந்து கொண்டால் அந்தத் தயக்கம் போய்விடும்.

மந்த காலத்தில் தொடக்கம்

இந்தக் கூடத்தை நடத்துபவர்கள் பிரதீக் ராஜா, பிரியங்கா ராஜா என்ற தம்பதி. 2009-ம் ஆண்டில் தெற்கு கொல்கத்தாவில் இந்துஸ்தான் ரோட்டில் இதைத் தொடங்கினார்கள். கொல்கத்தாத் தமிழர்களுக்கு அது தெரிந்த வட்டாரம். நம்மவர்கள் காய்கறியும் காப்பித் தூளும் வாங்கப் போகிற லேக் மார்க்கெட்டில் இருந்து அதிக தூரம் இல்லை.

அவர்கள் தொடங்கிய காலம் நல்ல காலம் அல்ல. 2008-ல் உலகம் முழுவதும் பணநெருக்கடி ஏற்பட்டது. அதுவரை மளமளவென்று ஏறிக் கொண்டிருந்த ஓவியங்களின் விலை சரிந்தது. வாங்குபவர்கள் கையைக் கட்டிக் கொண்டார்கள். பெயர் பெற்ற ஓவியர்களின் படங்களே விலை போகாத நேரத்தில், பெயர் தெரியாத புதியவர்களை நம்பிக் கடை விரித்தார்கள் இந்தத் தம்பதி.

2011-ம் ஆண்டு முதல், கண்காட்சிகளை அமைக்கும் நிபுணர்களைப் பல நாடுகளில் இருந்தும் கொல்கத்தாவுக்கு அழைத்துக் கருத்தரங்கு நடத்தி வருகிறார்கள். 2018-ல் அதே நகரில் பாலிகஞ்ச் பிளேசில் இன்னொரு கூடம் திறந்தார்கள். 2022-ல் மும்பைக்கு வந்தார்கள்.

கூடத்தின் வேலை என்ன?

ஓவியக் கூடங்களில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, வாடகைக்குக் கிடைப்பது. காலா கோடாவில் உள்ள ஜகாங்கீர் கலைக்கூடம் அப்படிப்பட்டது. 1952-ல் திறக்கப்பட்டது. ஓவியர் விண்ணப்பம் போட்டு, தன் முறைக்குக் காத்திருந்து, வாடகை கட்டிப் படங்களை மாட்ட வேண்டும். படம் விற்றாலும் விற்காவிட்டாலும் வாடகை ஓவியரின் பொறுப்பு.

மற்றொன்று, ஓவியரைத் தேர்ந்தெடுத்துக் கூடமே பொறுப்பு ஏற்றுக் கொள்வது. எக்ஸ்பெரிமெண்டர் இந்த வகையைச் சேர்ந்தது. இடம், விளக்கு, விளம்பரம், ஆள் சம்பளம் எல்லாம் கூடத்தின் செலவு. ஒரு கண்காட்சி வாரக்கணக்கில் நடக்கும். வெளிநாட்டுக் கலைச் சந்தைகளுக்குப் படங்களைக் கொண்டு போவதும், அருங்காட்சியகங்களுக்கு ஓவியரை அறிமுகம் செய்து வைப்பதும் கூடத்தின் வேலை.

படம் விற்றால் விலையில் பாதி ஓவியருக்கு, பாதி கூடத்துக்கு என்பது இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். பாதியா என்று மலைக்க வேண்டாம். படம் விற்காவிட்டால் நட்டம் முழுவதும் கூடத்தைச் சேரும். பெயர் எடுத்தவரின் படத்தைக் கொஞ்ச நேரத்தில் விற்று விடலாம். புதியவரின் படத்தை வாங்க ஆள் தேட ஆண்டுகள் ஆகும். ஆகவேதான் புதியவரை எடுத்துக் கொள்ளத் துணிச்சல் வேண்டும் என்கிறோம்.

இது தர்மம் அல்ல, வியாபாரம்தான். ஆனால் நாளைக்கு முளைக்கும் என்று நம்பி இன்றைக்கு விதைக்கிற வியாபாரம்.

சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை

டெல்லியில் இருந்து சென்னைக்கு ரெயிலில் போகிறவர்கள் பல்லார்ஷா ஸ்டேஷனை அறிவார்கள். நாக்பூரைத் தாண்டி, மராட்டிய மாநில எல்லை முடிவதற்குள் வரும். அந்தச் சந்திரப்பூர் மாவட்டம் நிலக்கரிச் சீமை. வழியெல்லாம் கரி ஏற்றிய வேகன்கள் நிற்கும்.

அந்த மாவட்டத்தில் உள்ள சாஸ்தி என்ற ஊரில் 1986-ல் பிறந்தவர் பிரபாகர் பாச்புதே. மூன்று தலைமுறையாக நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த குடும்பம் அவருடையது. அவர் கயிராகரிலும், பிறகு பரோடாவிலும் சிற்பக் கலை படித்தார்.

படித்து முடித்ததும் அவர் வரைய எடுத்துக் கொண்ட பொருள் கரி. குடும்பத்தின் வயிற்றை நிரப்பிய கரியைத் தன் கருவியாக்கிக் கொண்டார். சுவர் முழுவதும் கரிக்கட்டியால் வரைந்தார். அவர் படங்களில் வரும் மனிதர்களுக்குத் தலை இருக்கும் இடத்தில் தலை இருக்காது. சுரங்க விளக்கோ, வேலைக் கருவியோ இருக்கும். தொழிலாளியின் முகம் யாருக்கும் தெரிவதில்லை, அவன் செய்யும் வேலைதான் தெரிகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

2012-ல் மும்பையில் கிளார்க் ஹவுஸ் என்ற இடத்தில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி நடந்தது. மறு ஆண்டே எக்ஸ்பெரிமெண்டர் அவருக்குக் கொல்கத்தாவில் கண்காட்சி நடத்தியது. நிலத்தைத் தின்பவர்கள் என்று பொருள்படும் தலைப்பு. அப்போது அவருக்கு வயது 27-க்குள்தான்.

பிறகு அவர் பெயர் கடல் கடந்தது. 2014-ல் பிரேசில் நாட்டின் சாவோ பாலோ கலைவிழாவில் அவருடைய படைப்பு இடம் பெற்றது. 2021-ல் இங்கிலாந்தை அடுத்த வேல்ஸ் நாட்டின் ஆர்ட்டெஸ் முண்டி பரிசு 6 பேருக்குப் பகிர்ந்து அளிக்கப்பட்டது. அதில் அவரும் ஒருவர். 2022-ல் இத்தாலியில் வெனிஸ் கலைவிழாவிலும் இடம் பெற்றார்.

திறமை அவருடையது. ஆனால் திறமையைக் காட்ட ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவரைத் தக்க காலத்தில் கொடுத்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

மும்பைக்கு இது புதிது அல்ல

புதியவர்களுக்குக் கை கொடுத்த வரலாறு மும்பைக்கு உண்டு.

1947-ல் இங்கே 6 இளம் ஓவியர்கள் சேர்ந்து முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான கே.எச்.ஆரா, சிறு வயதிலேயே மும்பைக்கு ஓடி வந்து கார் துடைத்தும் வீட்டு வேலை செய்தும் பிழைத்தவர். இன்னொருவரான எம்.எப்.உசேன், சினிமா விளம்பரத் தட்டிகள் எழுதி வயிற்றைக் கழுவியவர். இருவரும் பிழைக்க வந்தவர்கள். நம்மைப்போல்தான்.

அந்தக் காலத்தில் அவர்களுடைய படங்களை மாட்டி வைக்க மும்பையில் கூடங்கள் அதிகம் இல்லை. கேகூ காந்தி என்ற பார்சிக்காரர் படச்சட்டம் செய்யும் தொழில் நடத்தி வந்தார். தன் கடையிலேயே புது ஓவியர்களின் படங்களை வைத்துக் காட்டினார். 1963-ல் அவரும் அவருடைய மனைவி கோர்ஷெத்தும் ஜகாங்கீர் கட்டிடத்தின் மாடியில் கெமோல்டு என்ற கூடத்தைத் தொடங்கினார்கள். அன்றைக்கு அங்கே மாட்டப்பட்ட பலருடைய படங்கள் இன்றைக்குக் கோடிக்கணக்கில் விலை போகின்றன.

குறைகளும் உண்டு

எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது.

தனியார் கூடங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. உழைப்பாளிக்கும் குமாஸ்தாவுக்கும் ஓய்வு கிடைப்பதோ அந்த ஒரு நாள்தான். கதவு திறந்திருக்கும்போது நாம் வேலையில் இருக்கிறோம். நாம் போகும்போது கதவு மூடியிருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறாவது திறந்து வைத்தால் என்ன?

படத்தைப் பற்றிய விளக்கத் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அதுவும் கடுமையான ஆங்கிலம். சுரங்கத் தொழிலாளியைப் பற்றிய படத்துக்குச் சுரங்கத் தொழிலாளி படித்துப் புரிந்து கொள்ளும்படி விளக்கம் வேண்டாமா? மராட்டி, இந்தி, வங்காளியில் தாள் அச்சடிக்கப் பெரிய செலவு ஆகாது.

இன்னொன்று. இத்தகைய கூடங்கள் ஆண்டுக்குச் சிலரைத்தான் புதிதாகச் சேர்த்துக் கொள்ள முடியும். கலைக் கல்லூரிகளில் இருந்து வெளியே வருபவர்களோ ஏராளம். இடம் கிடைக்காமல் காத்திருப்பவர்களே அதிகம்.

ஒரே வகுப்பு

மும்பைக்கும் ஹவுராவுக்கும் இடையே 1977-ல் கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் விடப்பட்டபோது அதில் முதல் வகுப்பு கிடையாது. எல்லாருக்கும் ஒரே வகுப்பு. அப்போது அது பெரிய புதுமையாகப் பேசப்பட்டது. அந்த இரண்டு நகரங்களிலும் இப்போது இயங்கும் இந்தக் கூடத்திலும் பார்வையாளர்களுக்கு ஒரே வகுப்புதான். கோடீசுவரருக்கும் கட்டணம் இல்லை, கூலிக்காரருக்கும் கட்டணம் இல்லை. வாங்கியே தீர வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. விலை பெரிதாக இருக்கலாம். பார்ப்பதற்கு விலை இல்லை.

விடுப்பு நாள் ஒன்றில் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு போகலாம். போகும் முன்பு திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக் கொள்வது நல்லது. புரியாவிட்டால் அங்கே இருப்பவர்களிடம் கூச்சப்படாமல் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமைதான் முடியும் என்பவர்கள் ஜகாங்கீர் கலைக்கூடத்துக்குப் போகலாம். அங்கேயும் அனுமதி இலவசம்.

நம் வீடுகளிலும் நோட்டுப் புத்தகத்தின் ஓரமெல்லாம் படம் போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "படம் போட்டால் சோறு கிடைக்குமா?" என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். வாடகையும் ரேஷனும் கட்டி மிச்சம் பிடிப்பவனுக்குத்தான் அந்தக் கேள்வியின் வலி தெரியும். ஓவியம் படித்த எல்லாருக்கும் வெனிசில் இடம் கிடைத்து விடாது.

ஆனால் பள்ளி ஓவிய ஆசிரியர், விளம்பரக் கம்பெனி, துணி வடிவமைப்பு, கார்ட்டூன் படத் தயாரிப்பு என்று சோறு போடும் வேலைகளும் இந்தப் படிப்பில் உண்டு. மும்பையில் 1857-ல் தொடங்கிய ஜே.ஜே. கலைப் பள்ளி இருக்கிறது. சென்னையில் 1850-ல் தொடங்கிய கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி உண்டு.

சாஸ்தியில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் குடும்பம் தன் பிள்ளையைச் சிற்பம் படிக்க அனுப்பியது. அதனால் சுரங்கத்தின் கதை உலகத்துக்குத் தெரிந்தது. ஆலையின் கதையும், ஓட்டல் சமையல்கட்டின் கதையும், ஊர் விட்டு ஊர் வந்த நம் கதையும் இன்னும் வரையப்படாமல் இருக்கின்றன. வரையப் போகும் கை எந்த வீட்டில் இருக்கிறதோ, யார் கண்டது? அந்தக் கையில் இருந்து பென்சிலைப் பிடுங்காமல் இருப்போம்.