இரண்டு கண், இரண்டு கேமரா, மூன்று பிரதி

பிள்ளைகளே, ஒரு விரலை முகத்துக்கு முன்னால் நீட்டுங்க. இடது கண்ணை மூடிப் பாருங்க. பிறகு வலது கண்ணை மூடிப் பாருங்க. விரல் இடம் மாறுவது போலத் தெரியுதா? நம் கண்களுக்கு இடையே சில சென்டிமீட்டர் இடைவெளி இருக்கு. அதனால் இரண்டு கண்ணும் வேறு வேறு படத்தைப் பார்க்குது. மூளை அவற்றைச் சேர்த்து, எது பக்கம், எது தூரம் என்று சொல்லுது.

3டி சினிமாவும் இப்படித்தான். ரஜினிகாந்த் நடித்த ‘2.0’ படத்தின் பாடல் வெளியீட்டு விழா 2017 அக்டோபரில் துபாயில் நடந்தது. 2018இல் வெளிவந்த அந்தப் படத்தை இயக்குநர் ஷங்கர் 3டியிலேயே எடுத்தார். இப்படி எடுக்க, இடது கண்ணுக்கு ஒரு கேமரா, வலது கண்ணுக்கு ஒரு கேமரா வேணும்.

இப்போ ஒரு கணக்கு. ஒரு கேமரா ஒரு நாளில் 1 டெராபைட் பதிவு செய்யுதுன்னு வைத்துக்கொள்வோம். இரண்டு கேமராவுக்கு 2 டெராபைட். மூன்று பிரதி எடுத்தால் 6 டெராபைட்!

இதைப் பார்த்துக்கொள்பவருக்கு ‘டேட்டா ராங்லர்’ என்று பெயர். ராங்லர் என்றால் மாடு, குதிரைகளை மேய்ப்பவர். மந்தையில் ஒரு மாடுகூடத் தொலையக் கூடாது இல்லையா?

அபுதாபியின் லிவா பாலைவனத்தில் ஒரு 3டி படம் எடுக்கிறாங்கன்னு நினைத்துக்கொள்ளுங்க. வெயில், மணல், தூசி. டேட்டா ராங்லர் கம்ப்யூட்டரைக் குளிர்ச்சியான வண்டிக்குள் வைப்பார். கேமராவிலிருந்து வரும் ஒவ்வொரு கார்டிலும் ‘இடது 12’, ‘வலது 12’ என்று எழுதி ஒட்டுவார். இடதும் வலதும் மாறிப்போனால், பக்கத்தில் இருப்பது தூரத்தில் தெரியும். பார்ப்பவருக்குத் தலை வலிக்கும்.

பிறகு பிரதி எடுப்பார். பிரதி சரியா என்று எப்படித் தெரியும்? கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஃபைலுக்கும் கணக்குப் போட்டு ஓர் அடையாள எண் தரும். இதற்கு ‘செக்சம்’ என்று பெயர். கார்டில் 4, 7, 2 இருந்தால் கூட்டுத்தொகை 13. பிரதியில் 4, 7, 3 என்று வந்தால் 14. உடனே தப்பு தெரிந்துவிடும்!

எல்லாப் பிரதிகளும் சரியென்று தெரிந்த பிறகுதான் கார்டை அழிக்கலாம். ஊருக்குத் திரும்பும்போதும் எல்லா டிஸ்க்கையும் ஒரே பெட்டியில் வைக்க மாட்டாங்க. அந்தப் பெட்டி தொலைந்தால் என்ன ஆகும்? நடிகர்கள் ஊருக்குப் போயிருப்பாங்க. மணல்மேடுகூடக் காற்றில் உருமாறியிருக்கும். இடது கண் படம் மட்டும் போனாலும், மீதியிருக்கும் வலது கண் படத்தை அப்படியே காட்டினால் 3டி ஆழம் தெரியாது. இரண்டும் சேர்ந்தால்தான் 3டி.

சிந்தித்துப் பாருங்க: 4, 7, 2 என்பது 7, 4, 2 என்று இடம் மாறினால், கூட்டல் மட்டும் அந்தத் தப்பைக் கண்டுபிடிக்குமா? முதல் எண்ணை 1ஆலும், அடுத்ததை 2ஆலும், கடைசி எண்ணை 3ஆலும் பெருக்கிக் கூட்டிப் பாருங்க!