ஒரே சந்துக்குள் எத்தனை முறை?

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் ஒரு வீட்டைத் தேடுகிறீர்கள். நுழைந்த சந்து கடற்கரையில் போய் முடிகிறது. திரும்பி வந்து அடுத்த சந்தில் நுழைவீர்கள், தப்பில்லை. ஒவ்வொரு தவறுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கே போய் மறுபடி நடந்து வந்தால்? சில பார்சர்களின் கதை அதுதான்.

நிரலைப் படித்து எது எதோடு சேரும் என்று பிரிப்பது பார்சர். கையாலும் எழுதலாம், இலக்கண விதிகளைக் கொடுத்தால் கருவியே எழுதியும் தரும். கருவி எழுதியதில் ஒரு வில்லங்கம், செலவு கண்ணில் படாது.

ஒரு விதி: கூட்டல் என்பது 'உறுப்பு, +, கூட்டல்', இல்லையேல் வெறும் உறுப்பு. உறுப்பு என்பது எண், அல்லது அடைப்புக்குறிக்குள் ஒரு கூட்டல். பார்க்கச் சாதுவான விதி. வெறும் 5 கொடுங்கள். முதல் வழியில் 5-ஐப் படிக்கும், + இல்லையென்று திரும்பும், இரண்டாம் வழியில் அதே 5-ஐ மறுபடி படிக்கும். (5) என்றால் நான்கு முறை. ஒவ்வோர் அடைப்புக்குறி ஜோடிக்கும் இரட்டிப்பு. 20 ஜோடிக்குள் மாட்டிய அந்த ஒற்றை 5-ஐ 20,97,152 முறை படித்திருக்கும்! பார்சருக்கு ஒன்றுவிட்ட தம்பி, எழுத்து வடிவங்களைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன். அப்படி ஒன்று இப்படித் திரும்பித் திரும்பிப் போனதில்தான், 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை 27 நிமிடம் தடுமாறியது.

மருந்து விதியிலேயே இருக்கிறது. இரு வழிக்கும் பொதுவான தலையை வெளியே எடுங்கள்: 'உறுப்பு, அதன்பின் இருந்தால் + கூட்டல்'. 5 ஒரே முறைதான் படிக்கப்படும். கருவி எழுதிய நிரலில் மட்டும் கைவைக்காதீர்கள். அடுத்த முறை கருவியை ஓட்டினால் உங்கள் திருத்தம் போய்விடும்.

இரண்டாவது மருந்து, படித்ததைக் குறித்துவைப்பது. 2002-இல் பிரையன் ஃபோர்ட் இதற்கு வைத்த பெயர் பேக்ராட்; கண்டதையெல்லாம் வளைக்குள் சேர்க்கும் எலி. நேரம் மிச்சம், நினைவகம் செலவு. அதனால்தான் 2020-இல் பைத்தான் 3.9 புது பார்சருக்கு மாறியபோது, குறிப்பிட்ட விதிகளுக்கு மட்டுமே இந்தச் சேமிப்பை வைத்தார்கள். அதுதான் விவேகம் என்பேன்.

மூன்றாவது 'கட்'. பிரெஞ்சுக்காரர்கள் 1972 வாக்கில் மார்செய்யில் உருவாக்கிய புரோலாக் மொழியில் பேர்பெற்ற உத்தி. 'இதுவரை வந்துவிட்டாய், இனி வேறு வழி தேடாதே' என்று பார்சருக்குக் கட்டளை. பிழைச் செய்தியும் பிழை நடந்த இடத்திலேயே வரும். ஆனால் இடம் பார்த்து வைக்கவேண்டும். நம் பழைய விதியில் உறுப்புக்கும் +-க்கும் நடுவில் வைத்துப் பாருங்கள்: வெறும் 5 கொடுத்தால் + எங்கே என்று கேட்டு, பிழை என்று தள்ளிவிடும்.