லாரியின் கால்கள் ஜீப்புக்கு

வாகனப் பித்துக் கொண்ட பிள்ளைகள் இன்று இல்லாத வீடு அரிது. மலைபோன்ற டயர்களைப் பூட்டிக்கொண்டு பாறைமீது ஏறி நிற்கும் ஜீப்பின் படத்தைக் காட்டி, “நம் வண்டியையும் இப்படி மாற்றினால் என்ன?” என்று கேட்கும் மகனுக்கு என்ன விடை சொல்வது? வீண் செலவு என்று கடிந்து ஒதுக்கிவிடலாம். ஆயினும் அந்தப் படத்தின் பின்னால் இருக்கும் பொறியியலை அறிந்து பேசினால், நம் சொல்லுக்கு மதிப்பு மிகும்.

பாறைகளின் பாடம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்றொரு சிற்றூர் உண்டு. செம்பாறைகள் சூழ்ந்த அவ்விடத்தில், 1967ஆம் ஆண்டு தொடங்கி, ஈஸ்டர் விடுமுறைக் காலத்தில் ஜீப் வண்டிகள் அணிதிரளுவது வழக்கம். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் உள்ள ரூபிகான் பாதையும் இத்தகையதே. இங்கெல்லாம் வேகத்துக்கு மதிப்பில்லை. ஆள் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக, ஒவ்வொரு கல்லாக ஏறி இறங்குவதே திறமை.

இத்தகைய பாதையில் வண்டிக்கு முதல் இடர், அச்சின் நடுவே உருண்டு திரண்டிருக்கும் டிஃபரன்ஷியல் கூடு கல்லில் தட்டுவதாகும். ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடல்பகுதி உயருமே தவிர, அச்சு உயராது. அச்சு சக்கரத்தின் மையத்தில் அமைந்திருப்பதால், அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றே எளிய வழி. 29 அங்குல டயரைக் கழற்றி 44 அங்குல டயரை மாட்டினால், அச்சு ஏழரை அங்குலம் உயரும்.

துன்பம் இங்குதான் தொடங்குகிறது. டயர் பெரிதாக ஆக, அதைச் சுழற்றும் தண்டின்மீது விழும் முறுக்கமும் வளர்கிறது. பாறை இடுக்கில் டயர் சிக்கிக்கொள்ள, ஓட்டுபவர் முடுக்கியை மிதிக்க, சிறு ஜீப்புக்கெனச் செய்யப்பட்ட தண்டு முறிந்துவிடுகிறது. 1976 முதல் 1986 வரை உற்பத்தியான சி.ஜே-7 ரக ஜீப்பின் அச்சுகள் அளவான டயர்களுக்குப் போதுமானவை. 44 அங்குலத்துக்கு அவை ஈடு கொடுப்பதில்லை.

படைத்துறை தந்த பழம்பொருள்

இதற்கு அமெரிக்க இளைஞர்கள் கண்ட வழி விந்தையானது. 1950களின் தொடக்கம் முதல் அந்நாட்டு இராணுவத்தில் எம்-35 என்னும் இரண்டரை டன் லாரி பணியாற்றியது. மூன்று அச்சுகளும் இயங்கும் ஆறு சக்கர வண்டி அது. வியட்நாம் போர்க்களத்திலும் சுமை சுமந்தது. 1990களில் புதிய ரக லாரிகள் வரத் தொடங்கியதும், பழையவை ஏலத்துக்கு வந்தன. அவற்றின் அச்சுகளை, தயாரித்த நிறுவனத்தின் பெயரால் ‘ராக்வெல்’ என்றே அழைத்தனர். பட்டறைகளில் அவற்றைக் கழற்றி ஜீப்புகளுக்கும் பிக்கப் வண்டிகளுக்கும் பொருத்தலாயினர்.

ஒரு லாரியில் திரும்பும் முன் அச்சு ஒன்று. பின் அச்சுகள் இரண்டு. ஆகவே, முன் அச்சுக்கே தேவை மிகுதி.

அந்த அச்சின் உள்ளமைப்பு கவனத்துக்குரியது. சாதாரண அச்சில் கிரவுன்-பினியன் என்னும் ஒரே பற்சக்கர இணை வேகத்தைக் குறைக்கும். ராக்வெல் அச்சிலோ அதை அடுத்து இன்னோர் இணையும் உண்டு. இரண்டும் சேர்ந்து 6.72 மடங்கு வேகத்தைக் குறைத்து, அதே மடங்கு முறுக்குவிசையைப் பெருக்குகின்றன. ஜீப்பின் அச்சில் இது பெரும்பாலும் மூன்றரை மடங்கே.

ஒரு கணக்கைப் பார்ப்போம். எஞ்சின் 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருவதாகக் கொள்வோம். முதல் கியரில் நான்கு மடங்கு, துணைக் கியர்ப் பெட்டியில் இரண்டு மடங்கு என்றால், புரொப்பெல்லர் ஷாஃப்டில் 2,400 ஆகிறது. 3.54 மடங்கு தரும் ஜீப் அச்சு இதை ஏறத்தாழ 8,500 ஆக்கும். ராக்வெல் அச்சு 16,000க்கும் மேலாக்கும். பெருக்கம் அச்சுக்குள்ளேயே நிகழ்வதால் புரொப்பெல்லர் ஷாஃப்டின்மீது சுமை கூடுவதில்லை. அந்த ஷாஃப்ட் அச்சின் மேற்பகுதியில் வந்து சேர்வதால், கல்லில் அடிபடும் அச்சமும் குறைகிறது. அச்சின் பெரும் எடை அடியில் தங்கி, சரிவில் வண்டி கவிழாமல் இருக்கவும் ஓரளவு துணைசெய்கிறது.

பலவீனம் இடம் மாறுகிறது

இத்தனை நன்மை இருந்தும், அனுபவமுள்ள மெக்கானிக்குகள் ஏன் தயங்குகிறார்கள்? ஓரிடத்தைப் பலப்படுத்தினால் பலவீனம் அழிவதில்லை. அடுத்த இடத்துக்குக் குடிபெயர்கிறது. இது இயந்திரங்களின் மாறா விதி.

முதலாவது, வேகம். எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுழல, நேர் கியரில் பழைய அச்சும் 29 அங்குல டயரும் கொண்ட ஜீப் மணிக்குச் சுமார் 98 கிலோமீட்டர் ஓடும். ராக்வெல் அச்சும் 44 அங்குல டயரும் பூட்டினால், அதே சுழற்சியில் 78 கிலோமீட்டர்தான். நெடுஞ்சாலையில் எஞ்சின் ஓயாமல் உழைக்க நேரும். பாரமான அச்சு குழிகளில் குதிக்க, அதன் அதிர்ச்சியெல்லாம் உள்ளே இருப்பவரின் முதுகெலும்பில் இறங்கும்.

இரண்டாவது, ஸ்டியரிங். லாரியின் அகன்ற அச்சையும் பெரும் டயரையும் திருப்ப ஜீப்பின் ஸ்டியரிங் பெட்டிக்கு வலிமை போதாது. அதனால் பலர் ஹைட்ராலிக் உருளையைப் பொருத்துகிறார்கள். முழுவதும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் அமைப்பில், ஸ்டியரிங் சக்கரத்துக்கும் டயருக்கும் இரும்புத் தொடர்பே இராது. குழாய் ஒன்று வெடித்தால், பாறைப் பாதையில் வண்டி நின்றுவிடும், அவ்வளவே. சாலையில் அதே நிகழ்ச்சி உயிரைக் குடிக்கும்.

மூன்றாவதே பெரிய ஆபத்து: பிரேக். எம்-35 லாரியின் டிரம் பிரேக்குகள் காற்றழுத்தத்தின் துணையோடு இயங்குபவை. ஜீப்பின் சிறு சிலிண்டர் அவற்றுக்குத் தேவையான அழுத்தத்தைத் தருவதில்லை. எனவே சிலர் டிரம்மை நீக்கிவிட்டு, பினியன் தண்டின் வாயிலில் ஒரு வட்டுப் பிரேக்கை வைக்கிறார்கள். அச்சின் 6.72 மடங்குப் பெருக்கம் பிரேக்குக்கும் கிடைப்பதால், சிறிய வட்டே பெரிய சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். கேட்பதற்கு நயமான உபாயம்தான். ஆனால், சக்கரத்துக்கும் பினியனுக்கும் இடையே தண்டு முறிந்தால், அந்தச் சக்கரத்துக்குப் பிரேக் அறவே இல்லை. இடவலச் சக்கரங்களைப் பிணைக்கும் பூட்டு இல்லாத டிஃபரன்ஷியலில், ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் மற்றதன் பிடியும் தளர்ந்துபோகும். பாறை விளையாட்டுக்கு மட்டுமான வண்டியில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். மனைவி மக்களை ஏற்றிச் செல்லும் வண்டியில் பொறுத்துக்கொள்ள இயலாது.

இவை போதாவென்று, ஸ்பிரிங் அமரும் இருக்கையைச் சரியான கோணத்தில் வெல்டிங் செய்ய வேண்டும். கோணம் தவறினால் யுனிவர்சல் ஜாயிண்ட் தேயும். முன்சக்கரங்கள் நேர்கோட்டில் நிலைகொள்ளா. ஜீப்பின் ஐந்து போல்ட்டுச் சக்கரம் லாரியின் ஆறு போல்ட்டு அச்சில் ஏறாது. ஒன்றை மாற்றத் தொடங்கியவர் எல்லாவற்றையும் மாற்றி முடிக்க வேண்டியதாகிறது.

நடுவழி

ஆகவே, அங்கேயே பலர் லாரி அச்சை நாடாமல், ஒரு டன் பிக்கப் வண்டிகளின் டானா-60 போன்ற அச்சுகளோடு நின்றுவிடுகிறார்கள். ராக்வெல்லைவிட எடை குறைவு. வட்டுப் பிரேக் பொருத்துவதும் எளிது. உதிரிப் பாகங்களும் கிடைக்கும். 40 அங்குலத்துக்கு உட்பட்ட டயர்களுக்கு அதுவே பெரும்பாலும் போதும்.

நம் நாட்டு நிலை வேறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. லாரி அச்சு பூட்டிய ஜீப்பைப் பொதுச் சாலையில் ஓட்டினால், அபராதத்தோடு போவதில்லை. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு இழப்பீடும் சிக்கலாகலாம்.

எனவே மகன் கேட்டால், கனவைக் கலைக்க வேண்டாம். “டயர் எவ்வளவு பெரிது வேண்டும்? எந்தப் பாதையில் ஓட்டப் போகிறாய்? நிறுத்துவது எப்படி?” என்னும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். முதல் இரண்டுக்கு அவன் உற்சாகமாக விடை சொல்வான். மூன்றாவதற்கும் தெளிவான விடை வைத்திருந்தால், அவன் நல்ல மெக்கானிக் ஆவான். இல்லையெனில், விடை கிடைக்கும்வரை பழைய அச்சே வண்டியில் இருக்கட்டும்.